நாத்தனார் சிரித்தார், நான் முறுக்கைக் கடித்தேன்

இரண்டு வாரத்துக்கு முன் என் தாடையில் திருகு பதித்துச் செயற்கைப் பல் வைக்க ஆபரேஷன் நடந்தது. குழைந்த சாதம், ஆறிய கஞ்சி மட்டும்தான் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள், மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு நாத்தனார் வந்தார். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒத்தப் பல்லுக்கு இவ்ளோ நாடகமா? என் தம்பிய ஏமாத்து, என்னை ஏமாத்த முடியாதுடி."

கணவரும் சேர்ந்து சிரித்தார். நாத்தனார் கொண்டுவந்திருந்த முறுக்கை ஆத்திரத்தில் எடுத்துக் கடித்தேன். தையல் பிரிந்து வாயெல்லாம் ரத்தம்.

"நானா துன்னச் சொன்னேன்?" என்றார் நாத்தனார்.

திருகு அசையவில்லை என்று டாக்டர் சொன்னபிறகுதான் போன உயிர் வந்தது. மறுபடி தைத்து, இன்னும் மூன்று வாரம் அதே சாப்பாடு என்றார்.

நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. அவர் வந்தால் மசித்த பருப்புச் சாதத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். வீம்புக்கு எதையும் கடிப்பதில்லை.