அப்பாவின் வருஷப் பூசைக்குச் செய்த பாட்டு

என் சித்தப்பாவுக்குக் கொழும்பில் என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். "பாட்டுச் செய்யுதாக" என்பேன். பாடுகிறாரா என்றால் இல்லை. வாசிக்கிறாரா என்றால் அதுவும் கொஞ்சந்தான். சட்டை தைப்பதுபோல, வண்டிச் சக்கரம் செய்வதுபோல, பாட்டைச் செய்வதற்கும் ஓர் ஆள் உண்டென்று தூத்துக்குடியில் யாரையும் என்னால் நம்பவைக்க முடியவில்லை. நம்பியவர் ஒருவர்தான். அது என் அப்பா.

முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அப்பா சங்கு குளிக்கப் போவார். அவருடைய தம்பி சிறுவயதில் கோயில் ஆர்மோனியத்தில் எதையோ வாசித்ததைக் கேட்டு, வெள்ளைக்காரப் பங்குச்சாமியார் ஒருவர் மேல்நாட்டு இசையை எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். மேற்கொண்டு படிக்கக் கொழும்புக்கு அனுப்பியது அப்பாதான். அங்கே சித்தப்பா நான்கு பிடில்களுக்கென்று செய்த ஒன்றை ஒரு மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் வாசித்தார்களாம். அதைச் சொல்லும்போது அப்பா, பிடிலைத் தானே பிடித்திருப்பவர்போலக் கழுத்தைச் சாய்த்துக்கொள்வார்.

பிறகு யுத்தம் வந்தது. பிடில்காரர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். கொழும்பில் குண்டு விழுந்த வருடத்தில்தான், சங்கு குளிக்க முங்கிய அப்பா உயிரோடு மேலே வரவில்லை. சித்தப்பா எப்படியோ ஒரு தோணியைப் பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவர் திரும்பிப் போகவில்லை.

அப்பா இறந்து ஒரு வருடம் முடியும்போது வைக்கிற வருஷப் பூசைக்கு ஒரு பாட்டுச் செய்யப்போவதாக அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். பிடிலுக்கு எங்கே போவது? அதனால் குரல்களுக்கென்றே எழுதினார். பாடச் சேர்ந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு தையல்காரர், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள்கள் இருவர். சாயங்காலம் கோயிலுக்குள் ஒத்திகை நடக்கும். எட்டு வயதான நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன்.

பாட்டின் நடுவில், அப்பாவின் பெயர் வருகிற இடத்தில், பெண்கள் குரலும் ஆண்கள் குரலும் ஒட்டாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நீளமாக நிற்க வேண்டும். அவர்களால் அது முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் நழுவி, கேட்க இதமாக இருக்கும் சுரத்துக்குப் போய்விடுவார்.

"மாஸ்டர், அந்த எடத்துல காது கூசுது. நாங்க ஒரு பொட்டு கீழ எறங்கிக்கிடுதோம், நல்லா வருது பாருங்க" என்றார் தையல்காரர்.

"நல்லா வரக் கூடாதுவே" என்றார் சித்தப்பா. "எங்க அண்ணன் மூச்சு முட்டுன எடம் அது. அங்கன எப்படிவே இனிக்கும்?"

அன்றைக்கு நழுவாமல் பாடினார்கள். எனக்குப் பல் கூசியது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, "இதாம்வே, இதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பூசையன்று கோயில் நிரம்பியிருந்தது. பூசை முடிந்ததும் பாட்டு தொடங்கியது. அந்த இடம் வந்தபோது முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். தப்பாகப் பாடுகிறார்கள் என்று பாவப்பட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரருக்கு வேர்த்துவிட்டது. அவர் நழுவினார், மற்றவர்களும் அவரோடு போனார்கள். அப்புறம் எங்கே நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டு அறுந்து நின்றது. உபதேசியார் சட்டென்று, ஊருக்கே மனப்பாடமான ஒரு சாவுப் பாட்டை எடுத்துவிட, கோயில் முழுவதும் சேர்ந்து ஓங்கிப் பாடியது. அதற்கு ஆர்மோனியம் வாசித்தது சித்தப்பாதான். ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார். நானும் சந்தோஷமாகப் பாடினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா அவரிடம் கேட்டாள்.

"அவுக பேரு வார எடத்துலயா தம்பி அந்தச் சத்தத்த வச்சீக? எதுக்குத் தம்பி?"

அம்மா அழுதுகொண்டிருந்தாள். சித்தப்பா அவளிடம் எதையோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்தார்.

"தப்பா வந்துட்டு மதினி" என்று மட்டும் சொன்னார்.

சாகும்வரை அவர் இன்னொரு பாட்டுச் செய்யவில்லை. துறைமுகத்தில் ஏற்றுமதி மூட்டைகளை எண்ணுகிற வேலைக்குப் போனார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூப்பிட்டால் வந்து பழைய பாட்டுகளை வாசித்துக் கொடுப்பார். நல்ல மனுசன், தலைக்கனமே கிடையாது என்று ஊரில் சொன்னார்கள்.

பூசை நடந்த அதே வருடம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், அம்மா சொல்லி அவரைத் தேடிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நல்ல மத்தியானம்; உள்ளே வேறு யாருமில்லை. சித்தப்பா ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்தார். விரல்கள் கட்டைகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் இடத்தில் இரண்டு கைகளும் அழுத்தியபடி அப்படியே நின்றன. ஆனால் சத்தமே வரவில்லை. காலால் மிதித்துக் காற்றடித்தால்தான் அந்த ஆர்மோனியம் பேசும். அவருடைய கால்கள் தரையில் கிடந்தன.

"சித்தப்பா! மிதிக்க மறந்துட்டீகளே!" என்று கத்தினேன்.

அவர் கட்டைகளிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"ஆமாளா, மறந்துட்டேன்" என்றார். பிறகு மிதித்து, எனக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டை முழுக்க வாசித்துக் காட்டினார்.

கொழும்பில் படித்தவருக்கே நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல, பெருமை தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.