நஸ்ரின் வேண்டாம் என்ற லேப்டாப்

1. ஆம்பள ஸ்டாஃப் இல்லையா?

கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். முதலில் உள்ளே வந்த கஸ்டமர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆம்பள ஸ்டாஃப் யாரும் இல்லையாம்மா?"

ரிட்டயர்டு வாத்தியார். திருவாரூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பிரிண்டர் வேண்டுமாம். "நான் சொல்றேன் சார்" என்றேன். "இல்லம்மா, கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்களா..." என்று இழுத்தார். முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். அந்த நேரம் கடையில் இருந்த ஒரே ஆண், வாசலில் நின்ற வாட்ச்மேன் ராமசாமி அண்ணன்தான். அவரை உள்ளே கூப்பிட்டேன்.

"இங்க் தீந்தா ரீஃபில் பண்ணலாமா?" என்று வாத்தியார் அவரைக் கேட்டார். ராமசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். "பண்ணலாம்" என்றேன். "பண்ணலாம் சார்" என்றார் அவர். "மாசம் எத்தனை பக்கம் எடுப்பாருன்னு கேளுங்கண்ணே" என்றேன். அவர் கேட்டார். கால் மணி நேரம் இதே கூத்து. பிரிண்டரோடு கிளம்பும்போது வாத்தியார் ராமசாமி அண்ணனுக்குத்தான் கும்பிடு போட்டார். நான் அங்கே இருந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பிரிண்டரை வாங்கி ரோட்டில் போட்டு உடைத்திருப்பேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான், அதே காரியத்தை நானே இன்னொருத்திக்குச் செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கடை வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும்.

2. நான் லேப்டாப் விற்கிற விதம்

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் பாபநாசம் பக்கம் ஒரு சின்ன கிராமம். அப்பா அம்மா இருவரும் வயல் வேலை. நடவுக் கூலியில் என்னைப் படிக்க வைத்தார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான். விசைகளைப் பார்க்காமல் அடிப்பேன் என்பதில் அப்போதே எனக்குத் தலைக்கனம் உண்டு. பில் போடும் வேலைக்குத்தான் கடையில் எடுத்தார்கள். இப்போது நான்தான் சேல்ஸ் சூப்பர்வைசர்.

லேப்டாப் வாங்க எங்கள் பக்கம் யாரும் தனியாக வருவதில்லை. காலேஜ் அட்மிஷன் நேரத்தில் ஒரு லேப்டாப்புக்கு ஆறு பேர் வருவார்கள். அப்பா, அம்மா, மாமா, மாமாவுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் படித்த பையன். இதில் படிக்கப் போகிற பிள்ளை எது என்றே சில சமயம் தெரியாது. நான் யாரையும் பேசவிட மாட்டேன். யாருக்கு, எதற்கு, வீட்டில் கரண்ட் எப்படி என்று மூன்று கேள்வி கேட்பேன். பிறகு பிராசஸர், ரேம், எஸ்.எஸ்.டி. என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் பிரைட்னஸை முழுசாக ஏற்றி மயில் தோகை விரிக்கிற வீடியோவைப் போடுவேன். மயிலைப் பார்த்த பிறகு பில் போடாமல் போனவர்கள் குறைவு.

இது நடந்த வருஷம் ஸ்டாக்கில் இரண்டு மாடல்தான் அதிகம் ஓடியது. ஒன்று, வெள்ளி நிறத்தில் ஒல்லியாக, டச் ஸ்கிரீன் வைத்தது. கையில் எடுத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்தான் இருக்கும். இன்னொன்று தடி. கறுப்பு. பெரிய கீபோர்டு, வலது பக்கம் தனியாக நம்பர் கீ. டச் கிடையாது. அதில் டைப் அடித்தால் பக்கத்து ரூமுக்குக் கேட்கும். "கீபோர்டு சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரேட்டு கம்மி" என்று நானே கஸ்டமர்களிடம் அதை மட்டம் தட்டுவேன். ஒல்லி மாடலைத் தள்ளிவிட வேண்டும் என்று எனக்கு டார்கெட் இருந்தது.

3. "அவங்களுக்கு என்ன படிப்பு?"

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நஸ்ரின் வந்தாள். பாபநாசத்திலிருந்து அண்ணன் ரியாஸ் கூட்டி வந்தான். அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

"வாங்க, உக்காருங்க" என்றேன். பிறகு ரியாஸைப் பார்த்துக் கேட்டேன். "அவங்களுக்கு என்ன படிப்பு?"

"பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சுட்டேங்க மேடம்" என்று பதில் சொன்னது நஸ்ரின். "திங்கக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு கம்பெனில ஆன்லைன் டெஸ்ட். கஸ்டமர் அனுப்புற மெயிலப் படிச்சு பதில் எழுதுற வேலை. வீட்டுலேர்ந்தே பாக்கலாம்."

"நல்லதும்மா" என்றேன். மறுபடியும் ரியாஸிடம் திரும்பினேன். "அவங்க எப்படி யூஸ் பண்ணுவாங்க? கூட யாராவது இருப்பீங்களா?"

"கூட யாரும் இருக்கக் கூடாதுங்க" என்றாள் அவள். "டெஸ்ட் நடக்கற ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணும்னு ரூல். கேமரால பாப்பாங்க. அண்ணன் உள்ள வந்தாலே கேன்சல் பண்ணிடுவாங்க. அதான் எனக்குத் தனியா ஓட்டுற மாதிரி ஒண்ணு வேணும்."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. அதற்குள் துபாயிலிருந்து அவர்கள் அத்தா வீடியோ காலில் வந்துவிட்டார். நான் போனை வாங்கி ஒல்லி மாடலுக்கு நேரே பிடித்தேன். மயிலைப் போட்டேன்.

"மாஷா அல்லாஹ், நல்லாருக்கும்மா" என்றார் அவர். "இருக்கறதுலயே ஒசத்தியா குடுங்க. எம்புள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கக் கூடாது."

இந்தப் பேச்சு நடக்கும்போதே நஸ்ரின் டிஸ்பிளே பீஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். லேப்டாப் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தது. திரையில் இருப்பதை எல்லாம் அதுவே வாசித்துச் சொன்னது. இத்தனை வருஷம் இந்தப் பெட்டிகளை விற்கிறேன், அப்படி ஒரு வசதி உள்ளேயே இருப்பது எனக்குத் தெரியாது. அவள் விரல்கள் கீபோர்டின் ஓரம் முழுக்க ஒரு சுற்று வந்தன.

"மேடம், பவர் பட்டன் டெலிட் கீக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆரோ கீ எல்லாம் பாதி சைஸ்ல, பேஜ் அப், பேஜ் டவுனோட ஒட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு ஆரோ கீ வச்சுத்தான் படிக்கவே முடியும். இது வேண்டாம்."

"ஒரு வாரத்துல கை பழகிடும்மா" என்றேன்.

"திங்கக்கிழமையே டெஸ்ட்டுங்க."

"அத்தா ஆசப்பட்டு சொல்றாங்கல்ல, எடுத்துக்க" என்றான் ரியாஸ். நல்ல பையன்தான். அத்தா பேச்சைத் தட்டத் தெரியாது. நான் அதற்குள் பில் போட எழுந்துவிட்டேன். "சரிங்க" என்று சொன்னாள் நஸ்ரின். அந்த "சரிங்க" எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். முதல் நாள் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்போது உறைக்கவில்லை.

4. கண்ணை மூடிக்கொண்டு அரைப் பக்கம்

சனிக்கிழமை காலையில் கடை போனுக்கு அவளே கூப்பிட்டாள்.

"மேடம், பவர் பட்டன அழுத்துனா ஒண்ணும் ஆவாத மாதிரி செட்டிங்ஸ்ல மாத்திட்டேன். அது பரவால்ல. ஆரோ கீய என்ன பண்றது? மேல் வரிக்குப் போலாம்னு அழுத்துனா பேஜ் அப் விழுது, ஒரு பக்கமே தாண்டிடுது. எந்த வரில நிக்கிறேன்னே தெரியல. ரெண்டு நாளா மாதிரி டெஸ்ட் எழுதிப் பாக்கறேன், பாதிகூட முடியல. மாத்திக் குடுப்பீங்களா?"

கடையில் கூட்டம். எனக்கு எரிச்சல். "பாக்ஸ் பிரிச்சாச்சேம்மா. பிரிச்ச பீஸ கம்பெனி வாங்க மாட்டாங்க" என்றேன். அது பொய்யில்லை.

அவள் சண்டை போடவில்லை. "ஒரே ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டு அதுல அரைப் பக்கம் அடிச்சுப் பாருங்க மேடம். அதுக்கப்புறம் முடியாதுன்னு சொன்னீங்கன்னா நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஹையர் பாஸ் செய்தவளிடம் போய் இப்படி ஒரு சவாலா என்று எனக்கு ரோஷம். சாப்பாட்டு நேரத்தில் கடை காலியானதும் டிஸ்பிளே பீஸ் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். முதல் பத்தி ஜோராகப் போனது. நடுவில் ஒரு பிழை. டெலிட்டுக்குக் கையை நீட்டி அழித்துவிட்டு, இன்னும் நாலு வரி அடித்து, பெருமையாகக் கண்ணைத் திறந்தேன்.

திரை கறுப்பாக இருந்தது. நான் அழுத்தியது டெலிட் இல்லை, பவர் பட்டன். பெட்டி தூங்கிப்போன பிறகும் நான் பாட்டுக்கு நாலு வரி அடித்திருக்கிறேன்.

திரும்ப ஆன் செய்து, அவள் செய்த மாதிரியே மூன்று விசையை அழுத்திப் பேச வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாக மேலே போகப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே எங்கேயோ தாவிவிட்டது. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் தொலைந்துபோனேன். எனக்குக் கண்ணைத் திறந்தால் தீர்ந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள்? அவள் விரலால் பார்த்து, வாயால் சொல்லி, வேண்டாம் என்று மறுத்த சாமானை அவள் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். ராமசாமி அண்ணனைத் தேடின வாத்தியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

முதலாளியிடம் போனேன். "வியாழக்கிழமை அந்தக் கண்ணு தெரியாத பொண்ணு வாங்கின பீஸ டிஸ்பிளேல வச்சுக்கலாம் சார். டிஸ்பிளே பீஸ்தான் பழசாயிடுச்சே. அந்தப் பொண்ணுக்குப் புதுசு குடுத்துடலாம்."

"மாசக் கடைசில டார்கெட்ட கொறச்சுட்டு வந்து நிக்கிறியே செல்வி" என்றார்.

"தப்பு என் மேல சார். அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொன்னுச்சு."

இருபது வருஷத்துக்கு மேலாக என் வாயிலிருந்து "தப்பு என் மேல" என்று அவர் கேட்டதே இல்லை. "சரி, பண்ணு" என்றார்.

5. அவளே எடுத்தது

நான் கூப்பிட்டுச் சொன்ன முக்கால் மணி நேரத்தில் ரியாஸின் வண்டியில் வந்து இறங்கினாள். இந்தத் தடவை என் நாற்காலியை அவளுக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மாடலை மேசையில் வரிசையாக வைத்தேன்.

"என்ன பாக்கணுமோ பாரும்மா. நான் வாயே தெறக்கல."

"டிவி சத்தத்த மட்டும் நிறுத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஏழு டிவியையும் மியூட் செய்யச் சொன்னேன். அரை மணி நேரம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். ஹெட்போன் எந்தப் பக்கம் சொருகுவது, ஸ்பீக்கர் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா, எல்லாம் பார்த்தாள். கடைசியில் தடி மாடலின் மேல் கையை வைத்தாள். "இது."

துபாய்க்குப் போன் போட்டோம். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரேட்டு கம்மியானத குடுத்து அனுப்பப் பாக்கறீங்களா? அவ வாய் தெறந்து எதையும் கேக்க மாட்டாம்மா. நாமதான் பாத்துச் செய்யணும்."

"சார், ஒரு நிமிஷம் அவங்ககிட்டயே கேளுங்க" என்று போனை நஸ்ரின் கையில் கொடுத்தேன்.

"அன்னிக்கே வேண்டாம்னு சொன்னேன் அத்தா" என்றாள். "யாரும் கேக்கல."

அத்தாவின் குரல் தணிந்தது. "சரிம்மா. நீ எத சொல்றியோ அதையே எடு."

பில் மாற்றி எழுதினேன். பெட்டியில் வைக்கும்போது நஸ்ரின் கேட்டாள், "மேடம், இது என்ன கலரு?"

"கறுப்பும்மா."

"ஐய்யே, கறுப்பா? வேற கலர் கெடையாதா?" முகத்தைச் சுளித்தாள். "வேலைக்குச் சேந்தப்புறம் வீடியோ மீட்டிங்லாம் வெளில வச்சு அட்டெண்ட் பண்ணுவேன். நாலு பேர் பாக்க மாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை நேரம் பாடம் கற்றுக்கொண்டவள் நான், கலரைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. மஜந்தா நிறத்தில் ஒரு பை இருந்தது. அதைக் கடைக் கணக்கில் இல்லாமல் என் கையிலிருந்து கொடுத்தேன்.

6. திங்கட்கிழமை

வேலை கிடைத்ததா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கிடைத்தது. இப்போது அவள் டீமில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள்தான் டிரெயினிங் கொடுக்கிறாள். எங்கள் கடையில் இப்போது நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். காசு கொடுப்பவரைப் பார்த்துக் கும்பிடு போடு, ஆனால் நாற்காலியை யார் டைப் அடிக்கப் போகிறார்களோ அவர்கள் பக்கம் திருப்பிப் போடு. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பில் புத்தகத்தை மூடு.

வேலை கிடைத்த சேதி பத்து நாள் கழித்து வந்தது. எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் மறக்காது. பதினொன்றே கால் இருக்கும். கவுண்டரில் ஒரு குடும்பம் ஒல்லி மாடலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. ரியாஸ் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மேடம், அவ ரூமுக்குள்ள இருக்கா. கதவ சாத்திட்டா. நான், அம்மா எல்லாம் வெளில நிக்கிறோம். உள்ள என்ன ஆவுதுன்னே தெரியல, பயமா இருந்துச்சு. இப்ப பரவால்ல. கேளுங்க, போன கதவுகிட்ட வக்கிறேன்."

ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம், நான் ஊர் முழுக்க மட்டம் தட்டின அந்தத் தடி கீபோர்டின் சத்தம், நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.