குழி ஒன்றுதான், வோல்டேஜ் வேறு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் கடையில் எல்லோரும் அவளை 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புது இயந்திரம் வந்தால் மற்றவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள்; அவள் குனிந்து அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிப்பாள். மருந்துக் குப்பியானாலும் சோப்பு அட்டையானாலும் பொடி எழுத்தை ஒரு கண் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். "வீட்டுல காலண்டர் வாங்கினாக்கூட முதல்ல அச்சகத்து விலாசத்தைத்தான் படிப்பா" என்பார் அவள் கணவர்.

அவளுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தங்கை சைகை அகராதி ஒன்றை வீடியோவாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோ. செய்து காட்டுவது தங்கை. வெட்டி ஒட்டுவது அக்கா. அக்கா வீட்டு முன்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் அத்தனையும் நடந்தது. அதுவோ, இரண்டு வீடியோவைச் சேர்த்துத் திறந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும்.

மெமரி போதவில்லை என்று தெரிந்ததும், அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெமரி துண்டைக் கேட்டு வாங்கி வந்தார் கணவர். சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான்.

அவள் பெட்டியைத் திறந்து பழைய துண்டைக் கழற்றி, இரண்டையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். நீளம் ஒன்று, நடுவிலிருந்த வெட்டும் ஒரே இடத்தில். ஆனால் பழையதன் ஒட்டுச்சீட்டில் எண்களுக்கு நடுவே 'எல்' என்று ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. புதியதில் இல்லை.

"ஒரு எழுத்துதானே? குழியில கச்சிதமா உட்காருது பாரு" என்றார் கணவர்.

"எல்லா லென்ஸும்தான் ஃபிரேம்ல உட்காரும். அதுக்காக உங்க பவரை எனக்கு மாட்ட முடியுமா?"

"மாட்டினா என் கஷ்டம் உனக்குத் தெரியும்."

தங்கை இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போட்டுப் பார்த்தால்தான் என்ன என்று கையால் கேட்டாள். கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை தொடாதே என்று அக்கா சைகை காட்டிவிட்டு, மதர்போர்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனைக்கு அப்பால் இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் யாருடைய லேப்டாப்பையோ குடல் உருவிப் போட்டிருந்தார்.

"அண்ணே, இந்த எல் எதுக்கு?"

"வோல்டேஜும்மா. எல் போட்டது ஒண்ணே முக்கால்..." என்று தொடங்கியவர் நெற்றியைத் தேய்த்தார். "இல்ல, இரு, தப்பா சொல்லிடப் போறேன்." போனில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "எல் இருந்தா 1.35 போதும். இல்லாதது 1.5 கேக்கும். எல் போட்டது பெரும்பாலும் ரெண்டுலயும் ஓடிடும். மத்தது அப்படி இல்ல."

"அப்ப எங்களுது?"

"அது போர்டைப் பொறுத்தது." அவள் காட்டிய எண்ணைத் தட்டி, தயாரித்த கம்பெனியின் பக்கத்தைத் திறந்தார். 1.35 மட்டுமே என்று அதில் தெளிவாக இருந்தது.

"மாறிப் போட்டா எரிஞ்சுடுமா?"

"உடனே எதுவும் ஆகாது. ஒண்ணு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இல்லாட்டி ஓடுற மாதிரி ஓடி நடுவுல படுத்துக்கும். அப்படியே விட்டா நாளாவட்டத்துல பிராசசருக்குக் கேடு."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குக் கேட்டது: பீப், பீப், பீப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும். தங்கை பொறுத்திருக்கவில்லை. புதியதைத் தானே மாட்டிவிட்டு, கறுத்த திரைக்கு முன்னால் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். கணவர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"செத்துப்போச்சு. நான்தான் கொன்னுட்டேன்" என்றன தங்கையின் கைகள்.

"சாகல. மெமரி சரியில்லைன்னு கத்திக்கிட்டு இருக்கு."

தங்கை நம்பவில்லை. அக்கா அவள் விரலைப் பிடித்து, பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர் மேல் வைத்தாள். விரல் நுனி மெல்ல அதிர்ந்தது. தங்கையின் முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது. அதை அணைக்கவே விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பழையதை மாட்டியதும் கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காததுபோல எழுந்தது. மறுநாள் மெக்கானிக் எல் இல்லாத துண்டை வாங்கிக்கொண்டு எல் போட்ட ஒன்றைக் கொடுத்தார். இப்போது நாலைந்து வீடியோ திறந்தாலும் அது முனகவில்லை.

தங்கைக்கு அது போதவில்லை. "குழி ஒண்ணு, துண்டும் ஒரே மாதிரி. பிறகு என்னதான் வேற?" அகராதியில் மின்சாரம் இருந்தது, வோல்டேஜ் இல்லை. எழுதிக் காட்டினாள் அக்கா. தங்கை தலையாட்டி மறுத்தாள். கடைசியில் அக்கா தன் உள்ளங்கையைத் தங்கையின் உள்ளங்கையோடு வைத்து லேசாகத் தள்ளினாள். பிறகு கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். தள்ளுவது அதே கைதான், தள்ளுகிற அழுத்தம் வேறு. தங்கை சட்டென்று நிமிர்ந்து திருப்பித் தள்ளினாள்.

"என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று எட்டிப் பார்த்தார் கணவர்.

அன்றே அதைப் படம் பிடித்து மின்சாரத்துக்கு அடுத்ததாகச் சேர்த்தார்கள். சில நாள் கழித்து, அகராதியைப் பார்த்த, வேறு ஊரில் வயரிங் வேலை செய்யும் காது கேளாத ஒருவர், தாங்கள் அதை வேறு மாதிரி காட்டுவோம் என்று வீடியோ அனுப்பினார். தங்கை முதலில் முறைத்தாள். பிறகு அவர் வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர் ஏன் சைகையைத் தோளிலிருந்து தொடங்குகிறார் என்று கேள் என்று அக்காவை உலுக்கினாள்.