ஷகிலா அக்காவின் காலை வகுப்பு

நேற்று தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டபோது, அந்த வாசனை என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு மாடிக்குக் கூட்டிப்போனது. இப்போது செல்போன் கடை இருக்கும் அந்த இடத்தில், நான் பள்ளியில் படித்த காலத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் இருந்தது. படியேறும்போதே எண்ணெயும் ரிப்பன் மையும் மணக்கும், எல்லா மிஷின்களும் சேர்ந்து தடதடக்கையில் தரையே காலுக்கடியில் அதிரும்.

மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்து மிஷின் ஷகிலா அக்காவுடையது. பட்டுச்சேலைக் கடையில் நாளெல்லாம் நின்றபடி சேலைகளை விரித்துக் காட்டி, மடித்து வைத்துவிட்டு வருவார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் எழுத்துகள் மாறி மாறி விழும். தாளை உருவிக் கசக்குவார். ஒருநாள் மிஷின் மேலேயே தலைசாய்ந்து தூங்கிவிட்டார்.

எழுப்பிய டீச்சரிடம், "என் மண்டைல ஏறவே மாட்டேங்குது டீச்சர், கிளாஸ்லேர்ந்து நின்னுக்கிறேன்" என்று அழுதார்.

டீச்சர் திட்டவில்லை. "நாளைலேர்ந்து கடைக்குப் போறதுக்கு முன்னாடி வாம்மா. உனக்காக ஆறு மணிக்கே தொறக்கறேன்" என்றார்.

துணைக்கு நானும் போனேன். ஒரு வாரம் கழித்து, ஈரத்தலையில் முக்காட்டோடு வந்து உட்கார்ந்த அக்கா, ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் அடித்தார். டீச்சர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரெண்டே தப்புதாம்மா" என்றார்.

அக்கா தாளை வாங்காமல் அவரையே பார்த்தார்.

"அப்போ நான் மக்கு இல்லியா டீச்சர்? இத்தினி நாளா அசந்துபோய்தான் இருந்தேனா?"