கத்திரி அக்கா வெட்டாமல் விட்ட கட்டுரை

எங்கள் வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி அக்கா. வாக்கியம் நீண்டால் வெட்டு, சொன்னதையே சொன்னால் வெட்டு என்பது பத்திரிகையின் விதி. அக்கா அதற்கு மேலும் இரண்டு வெட்டு வெட்டுவார். பக்கம் வடிவமைக்கும் நான், காலியான இடத்துக்குப் படம் தேடி அலைவேன். எரிச்சலாக வரும்.

அதிகம் வெட்டு வாங்கியவர் நர்ஸம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வார்டில் பார்த்த மனிதர்களைப் பற்றி வாராவாரம் எழுதினார். எழுத்தா அது, பேச்சு. ஒரு நோயாளியைச் சொல்லத் தொடங்கி, அவர் மனைவி, மனைவியின் அறுந்த செருப்பு என்று ஊரெல்லாம் சுற்றி, ‘எங்கே விட்டேன்?’ என்று திரும்பி வருவார். அக்கா கைக்குப் போய் வந்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நிற்கும். வாசகர்கள் உருகினார்கள். நர்ஸம்மா அடுத்த வாரக் கட்டுரையை அனுப்பிவைப்பார்.

பிறகு அதே வார்டில் அவரே நோயாளியாகப் படுத்தார். பிழைக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். பார்க்கப் போன அக்காவிடம் புதிய கட்டுரையைக் கொடுத்தார்.

“ஒரே ஒரு தடவை நான் எழுதினபடியே போடும்மா. போறதுக்குள்ள பார்த்துடறேன்.”

அக்கா ஆசிரியரிடம் மல்லுக்கு நின்று, ஒரு சொல் குறையாமல் போட்டார். அச்சுக்குப் போகும்வரை அவர் கை பரபரத்தது; ஆனாலும் தொடவில்லை. அன்றுதான் எனக்கு அவரைப் பிடித்தது.

இதழ் வந்ததும் தொலைபேசி ஓயவில்லை. யாரோ நர்ஸம்மா பெயரில் உளறியிருக்கிறார்களாம், ஏமாற்று வேலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர்களைச் சொல்லி என்ன? அவர்களுக்குத் தெரிந்த நர்ஸம்மாவை நாங்கள்தானே செய்து கொடுத்தோம்.

மாலையில் அக்காவோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். எல்லோரும் பாராட்டினார்கள் என்று அக்கா கூசாமல் சொன்னார். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

“பக்கத்து பெட்டுக்காரம்மா என்னோட வாசகியாம். நான்தான் எழுதினேன்னு சொன்னா நம்பல. ‘நர்ஸம்மா எழுதறது எனக்குத் தெரியாதா’ன்னு என்கிட்டயே கேக்கறாங்க.”

அக்கா அழுதுவிட்டார். நர்ஸம்மா அடுத்த கட்டுரையை எடுத்து நீட்டினார்.

“இதை எப்பவும்போல வெட்டிடும்மா.”

அது அச்சேறிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா இறந்துபோனார். மறுநாள் காலையிலேயே வாசகர்கள் சந்தோஷமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள், பழைய நர்ஸம்மா திரும்பி வந்துவிட்டார் என்று.