ரதி அக்காவின் கொரியப் பேய்கள்

மதியச் சாப்பாட்டு மேசையில் ரதி அக்கா முதலில் கைத்தொலைபேசியைச் சுடுதண்ணிப் போத்தலில் சாய்த்து வைப்பார். பிறகு கை துடைக்கிற ரிசுத் தாள் ஒன்றை எடுத்து நீளவாக்கில் இரண்டாகவும் மறுபடி இரண்டாகவும் மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, திரையின் அடியோரத்தில் நிறுத்துவார். ஆங்கில எழுத்துகள் ஓடும் இடம் சரியாக மறைந்துவிடும். ஒரு எழுத்தின் தலை வெளியே தெரிந்தாலும் ரிசுவை ஒரு நூல் உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும். படமும் அப்போதுதான் ஓடத் தொடங்கும்.

அவர் பார்ப்பவை எல்லாம் கொரியப் பேய்ப்படங்கள். அதிலும் அலுவலகத்தில் நடப்பவை மட்டும். வேலை செய்து செய்து மேசையிலேயே செத்துப்போன பெண், மறுநாளும் வந்து கணினியைத் திறக்கிற கதை. கீழ்த்தளத்தில் மட்டும் திறக்க மறுக்கும் லிஃப்ற். தன்னுடைய வேலை விலகல் கடிதத்தை ஏழு வருடமாகக் கொடுக்க முடியாமல் அலையும் ஆவி.

"எங்கட பேயள் மரத்திலை சும்மா இருக்குதுகள்," என்று ஒருமுறை சொன்னார். "உவையின்ரை பேய் செத்தாப் பிறகும் வேலைக்கு வந்து பஞ்ச் பண்ணுது. பாவம்."

எழுத்தை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. எழுத்தை வாசித்தால் முகம் தப்பிவிடும் என்றார். மதியம் முகத்தை மட்டும் பார்ப்பார். வீட்டுக்குப் போய், சோறு வேகிற நேரத்தில், அதே படத்துண்டை எழுத்தோடு மறுபடி பார்ப்பார். ஆகவே பின்னேரம் வேலை முடிந்து அவருடைய வானில் வீடு திரும்பும்போது எங்களுக்குச் சொல்லும் கதை முகத்தை மட்டும் பார்த்துச் சொன்ன கதை. அடுத்த நாள் காலை அதற்குத் திருத்தம் வரும். பாதி நாள் கதை தலைகீழாகியிருக்கும். அதைப் பற்றி அவருக்கு வெட்கமே இல்லை. "பிழையாத்தான் விளங்கினன்," என்று சொல்லிவிட்டுத் தொடங்குவார்.

முகம் பார்க்க அவர் பழகிய இடம் வேறு. பார்க்டேலில் ஒரு நிலவறையில் குடியிருந்த காலத்தில், பதினொரு வருடம் நகரமையத்துக் கோபுரங்களில் அலுவலகம் துப்புரவு செய்தவர். எல்லோரும் போன பிறகு துடைக்க வேண்டிய மேசைகளில் ஆட்கள் இருப்பார்களாம். "நான் துடைக்கேக்கை முழங்கையை மட்டும் தூக்குவினம். கண் திரையிலைதான். ஒருத்தன் ஒரு வருசம் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அவன்ரை முகத்தை நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான்." அந்த மனிதனுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் கதிரை வெறுமையாக இருந்தது என்று அவராகவே சொன்னார்.

நாங்கள் வேலை செய்தது கீரையும் பழமும் வெட்டிப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலை. உள்ளே எந்நேரமும் நாலு பாகை குளிர். ஏஜென்சி மூலம் எடுபட்ட ஆட்கள் நாங்கள். காலை ஏழு மணிக்கு வேலை. டோர்செட் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாடு. ஆகவே ரதி அக்காவின் சாம்பல் வானில் ஐந்து பேர் போய் வந்தோம். அவர், பிரதீபா அக்கா, றமேஸ் அண்ணை, ஸகீனா, நான். என் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கவிதைப் புத்தகம் இருக்கும். அக்கா கதை தொடங்கிய நாளிலிருந்து அதை வானில் நான் திறந்ததில்லை.

வேலை மூன்றரைக்கு முடியும். இரண்டரை மணிபோல மேற்பார்வையாளர் கிளிபோட் அண்ணை கிளிப்போர்ட்டோடு வருவார். நல்ல மனிதர், மெல்லப் பேசுவார்.

"அக்கா, இண்டைக்கு ஒரு ரெண்டு மணித்தியாலம் கூட?"

ரதி அக்கா தலையாட்டுவார். கிளிபோட் அண்ணை ஐந்து பேரின் பெயரையும் எழுதிக்கொண்டு போவார். எங்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. வானை ஓட்டும் திறப்பு ரதி அக்காவிடம் இருந்தது. அவர் நின்றால் ஐந்து பேரும் நின்ற மாதிரித்தான். அதை நாங்கள் அவருக்குக் கொடுக்கிற மரியாதை என்றே எடுத்துக்கொண்டோம். எட்டு மாதமாக, வாரத்தில் மூன்று நாலு நாள் இப்படித்தான் போனது.

ஸகீனாவுக்கு அப்போது ஆறு மாதம். இருபத்தாறு வயது, முதல் பிள்ளை. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மதியத்துக்குப் பிறகு அவளுடைய சப்பாத்து நாடா அவிழ்ந்தே இருக்கும். கால் வீங்கி உள்ளே இடம் இல்லை. கீரை நகர்ந்து வரும் பட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உயர்த்துவாள், பிறகு மற்றக் காலை. ஒரு கொக்கு அவசரமாக நிற்பது போல இருக்கும். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, புதிய படம் ஒன்று தொடங்கியது.

"இருபத்தொரு பேர் ஒரு ஒபிசுக்கை," என்றார் ரதி அக்கா, கென்னடி வீதியில் வானைத் திருப்பியபடி. "மனேஜரின்ரை அறையிலை லைற் எரியுது. வெளிக்கதவைப் பூட்டிப்போட்டாங்கள். ஒருத்தரும் வீட்டை போகேலாது. ஒவ்வொரு நாள் விடியவும் ஒரு கதிரை வெறுமையாகுது."

"செத்தவனின்ரை வேலையை ஆர் செய்யிறது?" என்றார் றமேஸ் அண்ணை.

"பக்கத்துக் கதிரைக்காரன்."

"அப்ப எங்கட கொம்பனிதான்."

எல்லோரும் சிரித்தோம். ஸகீனாவும் சிரித்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

மறுநாள் காலை வானில் ஏறியதும் திருத்தம் வந்தது.

"நேற்று நான் சொன்னது பிழை. கதவு பூட்டிக் கிடக்கேல்லை."

"பூட்டேல்லையோ?" என்றார் பிரதீபா அக்கா.

"இல்லை. தள்ளினாத் திறக்கும். ஒருத்தரும் தள்ளேல்லை. மனேஜர் போனாத்தான் போகலாம் எண்டு எல்லாரும் இருக்கினம். அவன் செத்து மூண்டு வருசம். அறையிலை லைற் மட்டும்தான்."

"விசரங்கள்," என்றார் றமேஸ் அண்ணை. "ஒருத்தனுக்கும் மற்றவனைக் கேக்கத் தெரியாதோ?"

"மற்றவனுக்கு இருக்க விருப்பமாக்கும் எண்டு ஒவ்வொருத்தனும் நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறான்."

பின் இருக்கையிலிருந்து ஸகீனா மெல்லக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஓவர்ரைம் விருப்பமா?"

"எனக்கோ? நான் நீங்கள் எல்லாரும் விருப்பம் எண்டெல்லோ நிண்டனான். நான் மாட்டன் எண்டால் உங்கட ரெண்டு மணித்தியாலக் காசும் போயிடும் எண்டு."

"நான் உங்களுக்காகத்தான் நிண்டன்."

"நானும்," என்றார் பிரதீபா அக்கா.

சிவப்பு விளக்கில் வான் நின்றது. ரதி அக்கா கண்ணாடியில் ஸகீனாவைப் பார்த்தார். பிறகு என்னை. நான் தலை குனிந்தேன். அது பதிலாக அவருக்குப் போதும்.

"எனக்கு விருப்பம்தான்," என்றார் றமேஸ் அண்ணை. "ஆரும் என்னைக் கேக்கேல்லை, ஆனாலும் சொல்லுறன்."

விளக்கு பச்சையாகியும் வான் நகரவில்லை. பின்னால் ஒருவர் ஹோர்ண் அடித்தார்.

அன்று இரண்டரைக்குக் கிளிபோட் அண்ணை வந்தார்.

"அக்கா, இண்டைக்கும் ஒரு ரெண்டு."

"வான் மூண்டரைக்கு வெளிக்கிடும், தம்பி."

அவர் பேனையை எடுத்துவிட்டிருந்தார். "பகிடி விடுறியளோ?"

"இல்லை. ஆக்கள் எல்லாருக்கும் வாய் இருக்கு. ஒராளொராளாக் கேளும். நிக்கிறவை நிக்கட்டும்."

"அக்கா, இண்டைக்கு மட்டும் நில்லுங்கோ. இண்டைக்கு மட்டும்."

"கேளும் தம்பி."

இதைச் சொல்லும்போது அவர் கை கீரையைப் பொறுக்கித் தெரிந்துகொண்டே இருந்தது. குரல் உயரவில்லை. ஏஜென்சி ஆளுக்கு அந்தப் பதிலின் விலை என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை வரவேண்டாம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் கதை முடிந்தது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

கிளிபோட் அண்ணை முதலில் என்னிடம் வந்தார். நான்தான் லேசான ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மிதுனன், நீர் நிப்பீர்தானே?"

"இல்லை அண்ணை."

"என்ன? கேக்கேல்லை."

மெஷின் சத்தம். இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது. பிரதீபா அக்கா கேட்கும் முன்னமே தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஸகீனா மாட்டேன் என்றாள். பிறகு யாரும் கேட்காமலே தன் காலைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கினாள்.

"உமக்கு ஏலாதெண்டு முன்னம் ஒரு நாளும் சொல்லேல்லையே, தங்கச்சி," என்றார் கிளிபோட் அண்ணை. உண்மையாகவே மனம் நொந்தவர் போல இருந்தார்.

"நீங்க என்னைக் கேக்கவே இல்லயே, அண்ணன்."

றமேஸ் அண்ணை மட்டும் கையை உயர்த்தினார். "நான் நிக்கிறன். எனக்குப் பேயிலை பயமில்லை. பஸ்ஸிலைதான் பயம்."

மூன்றரைக்கு வான் வெளிக்கிட்டது. கிளிபோட் அண்ணை வந்து கேட்ட ஒரு நாளில் முதல் தடவையாக வெயிலில் வீட்டுக்குப் போனோம். வீதியோரப் பனிக்குவியல்கள் கண் கூசுமளவு மின்னின. ரதி அக்கா ஸகீனாவை முன் இருக்கையில் ஏற்றியிருந்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் காலைத் தூக்கி மேலை வையும்."

"ஐயோ, டாஷ்போர்டில ஊத்தை பிடிக்கும் அக்கா."

"வான் என்ரை. வையும்."

அவள் வைத்தாள். சொக்சின் விளிம்பு பதிந்த கோடு கணுக்காலில் சிவப்பாக, ஆழமாகத் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார். அன்று கதை சொல்லவில்லை.

குறுஞ்செய்தி வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கிளிபோட் அண்ணை ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார். சில நாள் பிரதீபா அக்கா நின்றார், பல நாள் றமேஸ் அண்ணை. ஸகீனா ஒரு நாளும் நிற்கவில்லை. எட்டாம் மாதம்வரை நாலேகாலுக்கு வீட்டில் இருந்தாள். சித்திரையில் பெண் பிள்ளை, சுகமாக. எங்கள் பட்டிக்குப் புதிதாக ஒரு பெண் பொறுப்பாளராக வந்தார். ரதி அக்கா பழைய இடத்திலேயே நின்று கீரை தெரிந்தார். சாப்பாட்டு மேசையில் வேறொரு படம் ஓடியது. அதில் பேய்க்கு லீவு கிடைக்காமல் கிடந்தது.

கோடை முடிகிற நேரம், எல்ஸ்மியர் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தபோது கிளிபோட் அண்ணையைக் கண்டேன். அவர் அந்த வேலையை விட்டிருந்தார். மெலிந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. மேலிருந்து ஒவ்வொரு நாளும் தன்னிடம் ஆள் எண்ணிக்கை கேட்டதையும், நித்திரை வராமல் மருந்து எடுத்ததையும் சொன்னார். பிறகு ரதி அக்கா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். அதே பட்டிதான் என்றேன். அவர் தலையை அசைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒபிசிலை அவவுக்கு நிரந்தர வேலைக் கடிதம் ரெடியா இருந்தது. பட்டிப் பொறுப்பாளர் வேலை, மருந்து, பல்லு, எல்லாக் காப்புறுதியும். ஓவர்ரைமுக்கு ஆக்களோடை நிக்கிற ஆள் எண்டு சொல்லித்தான் நான் மேலை எடுத்துக் குடுத்தனான். நிண்டு கையெழுத்துப் போட்டாச் சரி."

"அவவுக்குத் தெரியாதே," என்றேன்.

"காலமை பத்து மணிக்கே கூப்பிட்டுக் காட்டினனான்," என்றார் கிளிபோட் அண்ணை. "கடிதத்தை முழுக்க வாசிச்சவ."