இடுப்பு வரை திறந்த கண்ணாடிக் கடை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொரோனா வந்தது, போனது. போகும்போது சும்மா போகவில்லை. இரண்டு தோளையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. இருமல் பத்து நாளில் நின்றது. கை மட்டும் நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. தலை சீவ வேண்டுமென்றால் தலைதான் சீப்பைத் தேடிக் குனிய வேண்டும்.

"கிருமி போயிடுச்சு. சிலருக்கு தசையும் மூட்டும் கொஞ்ச நாள் சண்டித்தனம் பண்ணும். தினமும் விரலைச் சுவர்ல மேலே நடக்க விடுங்க" என்றார் டாக்டர். நடக்க விட்டார். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு ஏறிய வேகத்தில் அவர் கூரையைத் தொடுவதற்குள் பேரனுக்கே வழுக்கை விழுந்துவிடும்.

சிக்கல் ஷட்டரில் வந்தது. காலையில் இடுப்பளவு தூக்குவார்; அதற்கு மேல் உயிர் போகும். பக்கத்து மருந்துக்கடைக்காரரை ஒரு குரல் கூப்பிட்டால் போதும். கூப்பிடமாட்டார். முப்பது வருஷமாகத் தன் கையால் திறந்த கடை. குனிந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் குனியும் வயதைத் தாண்டியவர்கள்.

"பிழைச்சு வந்ததும் மனுஷனுக்குத் திமிர் ஏறிடுச்சு. நாம கும்பிட்டுக்கிட்டே நுழையணுமாம்!" என்றது தெரு.

உள்ளேயிருந்து அவருக்குத் தெரிந்த உலகம் இடுப்போடு முடிந்தது. செருப்பின் தேய்மானத்தை வைத்தே யாருக்குப் பார்வை மங்குகிறது என்று சொல்லிவிடுவார், நம்புங்கள். சொல்லத்தான் ஆளில்லை. வெளியூரிலிருந்து மகள் போனில் கேட்பாள்: "கை எப்படிப்பா இருக்கு?" "பறக்குது." அவ்வளவுதான் பேச்சு.

பழுப்புச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் மட்டும் அடிக்கடி வந்து நின்றுவிட்டுப் போகும். தையல்கார அம்மா. அவள் கண்ணாடி நான்கு மாதமாக இழுப்பறையில் தயாராக இருந்தது. கூப்பிட்டால் ஷட்டரைத் தூக்கச் சொல்வாளே என்று அவர் மூச்சுகூட விடமாட்டார்.

ஒரு நாள் அந்தக் கால்கள் நகரவில்லை. குடைக் காம்பு ஷட்டரைத் தட்டியது.

"கண்ணாடிக்காரரே, இன்னும் ரெண்டடி தூக்கினா கிரீடம் கழண்டுடுமா? ஊசியில நூல் கோர்க்கத் தெருவுல போறவங்களை எல்லாம் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

"குனிஞ்சு வாம்மா."

"குனியற முட்டியா இது? எனக்கும் அதே காய்ச்சல்தான். உட்கார்ந்தா தூக்கி விட ரெண்டு ஆள் வேணும்."

உள்ளே நாற்காலி ஷட்டர் பக்கமாக நகர்ந்தது.

"எனக்குக் கை ஏறலம்மா."

"அடப் பாவி மனுஷா! இதைச் சொல்றதுக்கு என்ன?"

அவள் போட்ட கூச்சலில் மருந்துக்கடை மாத்திரைகள் அட்டையைக் கிழித்துக்கொண்டு குதித்தன. மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து ஒரே தள்ளில் ஷட்டரை ஏற்றினார். "தினமும் நானே வந்து தூக்கறேன் அண்ணே" என்றார்.

அவள் முகத்துக்குக் கண்ணாடிக்காரர் கை எட்டவில்லை. அதனால் அவர் வாசற்படியிலும் அவள் தெருவிலும் நின்றார்கள். கண்ணாடி மூக்கில் உட்கார்ந்தது. "இளைச்சுப் போயிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து முகங்கள் தெரிந்தன. யாரும் நிற்கவில்லை. இத்தனை மாதத்தில் எல்லோரும் வேறு கடைக்கு மாறியிருந்தார்கள். பாதிப் பேர் மூக்கில் கண்ணாடி கோணலாக இருந்தது. அவர் எழுந்து படிக்கு வந்தார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க, நேராக்கித் தரேன்."

முதல் ஆள் திரும்பாமல் போனார். அடுத்து வந்தவரிடம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.